கனூவுக்கு மோட்டார்: இனாண்டா டேம் நாட்குறிப்பு

3 மே 2025, சனி

தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, கனூவுக்கு (துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு) 55 பவுண்டு எலெக்ட்ரிக் மோட்டார் ஒண்ணு மலிவா வருது. வாங்கிப் போடட்டுமா?" படகு இன்னும் வாங்கவில்லை. மோட்டாரைக் கடைசியில் வாங்கு என்று சொல்லியாயிற்று. முதலில் படகு, அடுத்தது பேட்டரி, பிறகுதான் மோட்டார்.

அந்தப் 'பவுண்டு' தள்ளுவிசைக் கணக்கு, குதிரைத்திறன் அல்ல. நீர்மட்டத்தில் 4.5 மீட்டர் நீளமுள்ள கனூ தானே எழுப்பும் அலையைத் தாண்டிப் போகாது. மணிக்கு 9.5 கி.மீ. சுமார் அதன் எல்லை, அதை நெருங்க நெருங்கத் தள்ளும் சக்தியெல்லாம் அலையாகத்தான் போகும். 30 பவுண்டில் 6 கி.மீ. வேகம் வருகிறது என்றால் 55 போட்டதும் 11 வந்துவிடாது. ஏழு எட்டிலேயே மூச்சு வாங்கும். கரண்ட் மட்டும் 30 ஆம்பியரிலிருந்து 50-க்கு ஏறும். மலிவாக வந்த மோட்டாருக்குப் பெரிய பேட்டரி வாங்கிக் கொடுத்தே கை காலியாகும்.

10 மே, சனி

படகு பார்த்தோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய கே2 படகுகள் (இருவர் துடுப்புப் போடும் கயாக்) மலிவு. 1951 முதல் நடக்கும் துசி மாரத்தான் என்ற படகுப் பந்தயத்தின் புண்ணியம். அங்கிருந்து டர்பன்வரை சுமார் 120 கி.மீ. துடுப்புப் போட அவை அருமையானவை. ஆனால் ஒல்லி உடம்பு. பக்கவாட்டில் 9 கிலோ மோட்டாரை மாட்டினால் அந்தப் பக்கமே கவிழப் பார்க்கும். நமக்கு வேண்டியது மேல்திறந்த கனேடியன் கனூ, நடுவில் 88 முதல் 95 செ.மீ. அகலம்.

பின்பக்கம் சதுரமாக வெட்டிய கனூ கிடைத்தால் மோட்டாரை நேராக மாட்டலாம். ஆனால் துடுப்புப் போடும்போது வெட்டிய பகுதி தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். பேட்டரி செத்தால் துடுப்புத்தான் துணை என்பதால் இரு முனையும் கூரான கனூவையே தேர்ந்தோம். பாலிஎத்திலீன், 38 கிலோ. ஃபைபர் கண்ணாடியில் 10 கிலோ குறையும், ஆனால் மே, ஜூனில் மழை நின்று நீர் இறங்கி, கல் தலைகாட்டும் கரையில் இழுத்தால் சிராய்ப்பு நிச்சயம். பாலிஎத்திலீன் அடி தாங்கும். வெயிலில் கட்டிப் போட்டால் நெளியும், அது அதன் குணம். பக்கியில் (பின்பக்கம் திறந்த நம்மூர் வண்டி, தமிழ்நாட்டுக்காரர் காதில் வேறு மாதிரி விழும்) கயிற்றை இறுக்கிக் கட்டி மதியம் முழுக்க நிறுத்தி வைக்கக் கூடாது.

11 மே, ஞாயிறு

எடைக் கணக்கு. படகின் தகட்டில் 300 கிலோ என்றிருக்கிறது. அது மூழ்காமல் மிதக்கும் கணக்கு, சௌகரியமாக ஓட்டும் கணக்கு அல்ல. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 கிலோவை எல்லையாக வைக்கிறோம். தம்பி 78, அவன் மாமா 70, மோட்டாரும் மாட்டும் கட்டையும் 12, நங்கூரம், தூண்டில், ஐஸ் பெட்டி எல்லாம் 20. ஆக 180. இதன் மேல் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 28 கிலோ: 208. அதற்குப் பதில் 50 ஆம்பியர்-மணி லித்தியம் வைத்தால் 6 கிலோதான்: 186.

மனிதரை ஏற்றிச் சோதிக்காதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் கேன் எட்டு, மொத்தம் 200 கிலோ. ஆழமில்லாத கரையில் படகை மிதக்கவிட்டுச் சமமாக அடுக்கி, நடுவில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளியை அளந்தோம். 18 செ.மீ. 15-க்குக் கீழே வந்தால் அந்தப் படகு வேண்டாம்.

17 மே, சனி

பேட்டரி. லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை வெட்டிய) காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிகள் இப்போது வீட்டுக்கு வீடு சும்மா கிடக்கின்றன. மாமா வீட்டிலும் 100 ஆம்பியர்-மணி ஜெல் ஒன்று இருந்தது. வெறும் வோல்ட் பார்த்தால் 12.7, புதுசு மாதிரி காட்டியது. அதை நம்பக் கூடாது. காரின் 55 வாட் முகப்பு பல்பு இரண்டை இணையாகக் கட்டினோம். கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) 8.8 ஆம்பியர். 10.5 வோல்ட் வரும்வரை, அதாவது காலியாகும்வரை, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தால் 3 மணி 40 நிமிடம். 32 ஆம்பியர்-மணி, பெயருக்குத்தான் 100. தினமும் அடிமட்டம்வரை இறக்கி, அரைகுறையாக ஏற்றி வந்ததால் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கிறது.

நல்ல ஈய பேட்டரியானாலும் 100 என்பது 20 மணி நேரம் 5 ஆம்பியர் இழுத்தால் வரும் கணக்கு. நம் 30 பவுண்டு மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும்போது அவ்வளவு தராது. ஆயுள் வேண்டுமென்றால் பாதிக்குமேல் இறக்கவும் கூடாது. ஆக 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கினோம். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒன்று: உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் பலகை (பிஎம்எஸ்) தொடர்ந்து 50 ஆம்பியர் விடுமா? 30-இல் வெட்டுகிற பலகை இருந்தால் முழு வேகம் வைத்ததும் நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றுவிடும். பழைய ஈய சார்ஜரை இதற்குப் போடக் கூடாது.

25 மே, ஞாயிறு

மாட்டும் கட்டை. முதலில் 38 × 114 மி.மீ. பைன் மரம். மோட்டாரைத் திருப்பும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டது, கவ்விப் பட்டை அழுந்தி மரத்தில் பள்ளமும் விழுந்தது. அதே அளவில் சலிக்னா (ஒரு யூகலிப்டஸ் மரம்) போட்டதும் சரியாயிற்று. பின் இருக்கைக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே வைத்து, வலப்பக்கம் 15 செ.மீ. வெளியே நீட்டி, விளிம்புக்கு அடியில் ஒரு பலகை கொடுத்து, எம்8 போல்ட்டும் இறக்கை நட்டும் போட்டு இறுக்கியிருக்கிறோம். பிளாஸ்டிக் விளிம்பில் கட்டை வழுக்கும். சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்தால் பிடிக்கும். மோட்டார் தலைக்கும் படகின் குறுக்குச் சட்டத்துக்கும் தனியாக ஒரு கயிறு. அதிர்வில் கவ்வி தளரும், டேமின் அடியில் எத்தனை மோட்டார் கிடக்கிறதோ!

தண்டு 76 செ.மீ. போதும். விசிறியின் (புரொப்பெல்லர்) மேல்முனை நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் காற்றை உறிஞ்சிச் சத்தம்தான் வரும், தள்ளாது.

பேட்டரியை அணியத்தில் (படகின் முன்முனை) வைத்தோம். பின்னால் ஆளும் மோட்டாரும் இருப்பதால் அணியம் தூக்கும், தூக்கினால் காற்று அதைப் பிடித்துத் திருப்பும். லித்தியம் 6 கிலோதான், ஒருவர் மட்டும் போகும்போது போதாது, கூடவே தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்று. இதனால் கேபிள் போக 3 மீட்டர், வர 3 மீட்டர். கடையில் 6 சதுர மி.மீ. கேபிள் கொடுத்தார்கள். 30 ஆம்பியரில் அதிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் கரைந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. 16 சதுர மி.மீ. போட்டபின் இழப்பு 0.2 வோல்ட். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 50 ஆம்பியர் பிரேக்கர்.

1 ஜூன், ஞாயிறு

இனாண்டாவில் ஓட்டிப் பார்த்தோம். டேமுக்கு டேம் மோட்டார் விதி மாறும், வாசலில் கேட்டுவிட்டே இறக்க வேண்டும். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், உடம்பில், இருக்கைக்கு அடியில் அல்ல.

ஐந்தாம் வேகத்தில் 29 ஆம்பியர், போன் ஜிபிஎஸ் காட்டியது மணிக்கு 6.1 கி.மீ. மூன்றாம் வேகத்தில் 15 ஆம்பியர், 4.3 கி.மீ. பேட்டரியில் 40 ஆம்பியர்-மணியைச் செலவழிக்கலாம் என்று வைத்தால், ஐந்தில் 8.4 கி.மீ. போகும், மூன்றில் 11.5. கொஞ்சம் பொறுத்தால் மூன்று கி.மீ. லாபம். எப்போதும் எதிர்க்காற்றில் புறப்படுங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். இந்த மாதங்களில் மேட்டிலிருந்து திடீரென்று இறங்கும் சூடான பெர்க் காற்றை மட்டும் நம்ப முடியாது. பின்னாலேயே குளிர்க்காற்று வேறு திசையிலிருந்து வரும்.

மோட்டார் வலப்பக்கம் இருப்பதால் படகு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. மோட்டாரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தி, பிடி திருகை இறுக்கினால் நேராகப் போகும்.

பெட்ரோல் மோட்டார் பற்றியும் கேட்டார்கள். சுஸுகி 2.5 குதிரைத்திறன் 13.5 கிலோ. ஹோண்டா 2.3 காற்றால் குளிரும், தண்ணீர் பம்ப் இல்லை, சத்தம் அதிகம். இரண்டும் சதுரப் பின்பக்கத்துக்குத்தான். பக்கக் கட்டையில் மாட்டினால் எடையும் உதறலும் சேர்ந்து சாய்க்கும். வண்டியில் கிடத்தும்போது கையேட்டில் சொன்ன பக்கம் பார்த்துக் கிடத்தணும். மாற்றிக் கிடத்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்த நாள் கயிறு இழுக்க வராது.

8 ஜூன், ஞாயிறு

ஆகாயத்தாமரை ஓரமாகப் போனபோது மோட்டார் உறும, படகு நகரவில்லை. தூக்கிப் பார்த்தால் விசிறியைக் கையால் சுற்ற முடிகிறது, தண்டு அசையவில்லை. வேர்க்கட்டுக்குள் மறைந்திருந்த முளைக்கம்பில் இடித்து, விசிறியைத் தண்டோடு பிடிக்கும் குறுக்கு ஊசி அறுந்திருந்தது. அது அறுவதற்கென்றே வைத்த ஊசி, இல்லாவிட்டால் தண்டு வளையும். மாற்று ஊசி, ஒரு நட்டு, ஸ்பேனர் மூன்றையும் சிறு டப்பாவில் போட்டுப் படகில் கட்டி வைத்தால் பத்து நிமிட வேலை.

விசிறியைக் கழற்றியதும் உள்ளே இன்னொன்று தெரிந்தது. எவரோ விட்ட தூண்டில் நரம்பு தண்டைச் சுற்றி, சூட்டில் உருகி, பழுப்பு மோதிரம் மாதிரி ரப்பர் சீலோடு ஒட்டியிருந்தது. கத்தி போடாதீர்கள், சீலின் உதடு கிழிந்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும். பல்குத்தும் குச்சியால் முனையைக் கிளப்பி, விசிறி சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி உரித்தோம். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கணும்.

சீல் தப்பித்ததா என்று தெரிய, மோட்டாரை விசிறி கீழே இருக்கும்படி கராஜில் தொங்கவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்தோம். துரு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே நீர் போயிருக்கிறது, பிரித்தாக வேண்டும். காலையில் தாள் காய்ந்தே கிடந்தது.