21-ஆவது பாயின்ட்

நவம்பர் 3
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் விளையாட்டில் என் மேஜ் (மந்திரவாதி) லெவல் 10. முதல் டேலன்ட் பாயின்ட், திறமையைக் கூட்ட இனி லெவலுக்கு ஒன்று. ஃபயரா (நெருப்பு), ஃப்ராஸ்ட்டா (பனி)? அரை மணி நேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஹார்ட்கோர் சர்வர், செத்தால் செத்ததுதான். ஃப்ராஸ்ட்போல்ட் என்ற பனி மந்திரத்தில் போட்டேன். ஒரு பாயின்டுக்கு மந்திரம் போடும் நேரத்தில் 0.1 விநாடி மிச்சம். அவ்வளவுதானா?

கால் அரிக்கிறது. மாவுக்கட்டுக்குள் விரல் போகாது.

நவம்பர் 5
அண்ணன் ஃபோனில்: "ஃபயர் போடுடா, பைரோபிளாஸ்ட் வந்தா ஒரே அடி." அந்த ஒரே அடி நெருப்பு மந்திரத்துக்கு ஆறு விநாடி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கணும். அதற்குள் மர்லாக் என்ற மீன்மனிதர் கூட்டம் என்னைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும். அவனுடைய ஃபயர் மேஜ் லெவல் 24-லேயே போய்ச் சேர்ந்ததை மட்டும் சொல்லமாட்டான். இருந்தாலும் இரண்டு பாயின்ட் ஃபயரில் போட்டுவிட்டேன். பெரியவன் சொன்னால் தட்ட முடிவதில்லை.

நவம்பர் 6
துடைப்பத்தில் ஓர் ஈர்க்குச்சி உருவினேன். சரியாக உள்ளே போகிறது. சொர்க்கம்.

நவம்பர் 10
விளையாட்டில் வெஸ்ட்ஃபால் பகுதி. அங்கே மூன்புரூக் ஊர்ப் பக்கம் போயிருக்கக் கூடாது. டெஃபியாஸ் கொள்ளைக்கூட்டத்து பில்லேஜர் இரண்டு பேர், தூரத்தில் நின்றே நெருப்புருண்டை. சுற்றி நிற்பவர்களை உறைய வைக்கும் என் ஃப்ராஸ்ட் நோவா எட்டாது, பக்கத்தில் வந்தால்தானே உறையும். உயிர் 31-இல் தப்பினேன்.

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். ஐஸ் பிளாக் என்ற பனிக்கட்டிக் கவசம் வேண்டுமென்றால் ஃப்ராஸ்ட்டில் 20 பாயின்ட் போட்டிருக்க வேண்டும், அது 21-ஆவது. எல்லாம் அங்கேயே போட்டால் லெவல் 30-இல் கிடைக்கும். எனக்கு 32. அந்த இரண்டு ஃபயர் பாயின்ட்! அழித்துவிட்டு மறுபடி போட முதல் தடவை 1 கோல்டு, அடுத்தது 5, பிறகு 10, ஏறி ஏறி 50 வரை. என்னிடம் இருப்பது 1 கோல்டும் கொஞ்சம் சில்வரும். புது ஸ்பெல் வாங்கவும் அதுதான். ஆனால் ஐஸ் பிளாக்... பத்து விநாடி எதுவும் தொடாது. நானும் அசைய முடியாது.

நவம்பர் 12
ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் 1 கோல்டு கட்டிப் பழைய பாயின்டை அழித்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 15
ஒரே பாய்ச்சலில் தள்ளிப்போகும் மந்திரம், பிளிங்க், கிடைத்தது. தப்பிக்க அழுத்தினேன், நேராக இன்னொரு கும்பல் நடுவில் போய் நின்றேன். முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பாயும் என்பது எனக்குத் தெரியாததா?

நவம்பர் 18
எலும்பு சேரவில்லையாம். இன்னும் இரண்டு வாரம். ஃப்ராஸ்ட்பைட் ஒரு தண்ட டேலன்ட், பக்கத்தில் வந்தவனை அங்கேயே உறைய வைக்கிறது, அவன் நின்ற இடத்திலிருந்தே வெட்டுகிறான். எல்லாமே தண்டம்.

நவம்பர் 22
டஸ்க்வுட் பகுதி. சாலையில் ஸ்டிச்சஸ் என்ற பிண அரக்கன். ஓடினேன். நிஜக் காலையும் உதறிவிட்டேன். அம்மா கத்தலைக் கேட்டு ஓடிவந்தாள்.

நவம்பர் 28
லெவல் 29. ஷேட்டர் டேலன்டில் ஐந்து பாயின்டும் போட்டாயிற்று, உறைந்தவன் மேல் கிரிட் (பலத்த அடி விழும் வாய்ப்பு) 50% கூடும். இன்னும் ஒரே ஒரு பாயின்ட். இன்று நகரத்தை விட்டு வெளியே போகவில்லை. கால்வாயில் மீன் பிடித்தேன்.

டிசம்பர் 1
லெவல் 30! ஐஸ் பிளாக்கில் போட்டேன். எதிரி யாருமில்லை, சும்மா அழுத்திப் பார்த்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடியும்.

ஈர்க்குச்சி ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. நாளை கட்டுப் பிரிக்கும்போது டாக்டர் பார்த்துவிடுவார்.