கை மரத்துப்போகிறதா? டயரைப் பாருங்கள்

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் கை மரத்துப்போகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது: டயர் எத்தனை மில்லிமீட்டர் அகலம்? பெரும்பாலும் 25 அல்லது 28 என்பார்கள். அதில் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேறு! அப்படிக் கல்லாக இறுகிய டயர், சாலையின் ஒவ்வொரு குலுக்கலையும் நேராக மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும்.

1887–88இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்ததே குலுக்கலைக் குறைக்கத்தான். அந்தக் காற்றை அளவுக்கு மீறி அடைத்துவிட்டு ஃபிரேமைக் குறை சொல்வது என்ன நியாயம்? ஃபிரேமில் இடம் இருந்தால் 40 மிமீ டயர் போடுங்கள். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்றால் பின்னால் 50 பிஎஸ்ஐ, முன்னால் 40 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து டியூப் கிழியும்.

வேகம் போய்விடுமே என்பார்கள். கரடுமுரடான சாலையில் இறுகிய டயர் முழு எடையையும் மேலே தூக்கித் தூக்கிப் போடுகிறது. அதில் வீணாவது உங்கள் உழைப்பு. பிரான்சில் கல் பாவிய கரடுமுரடான சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயக்காரர்களே இப்போது 30 மிமீக்கு மேல் போய்விட்டார்கள்.

ஹேண்டில்பாரில் இரட்டைச் சுற்று டேப், ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) எல்லாம் இதற்குப் பிறகுதான். மெத்தைபோன்ற ஜெல் சீட்டை மட்டும் வாங்காதீர்கள். நாள் முழுக்க ஓட்டினால் அழுத்தக்கூடாத இடத்தில் அழுத்தும்.

கேரியர் திருகுகளையும் அவ்வப்போது முடுக்குங்கள், அதிர்வில் கழன்றுவிடும்.