ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து டெபியனுக்கு: பயனர் அஞ்சலை மாற்றிய குறிப்புகள்

பழைய சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி, புதியதில் டெபியன் லினக்ஸ்; இரண்டும் இயங்குதளங்கள். இரண்டிலும் அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பயனர்கள் அதைப் படிக்கத் தரும் டவ்காட்டும். பெரும்பாலான அஞ்சல் ஹோம் அடைவுகளில் மெயில்டைர் வடிவில் (ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு) உள்ளது. சில பழைய கணக்குகள் மட்டும் /வார்/மெயிலில் எம்பாக்ஸ் கோப்புகள் (எல்லா அஞ்சலும் ஒரே கோப்பில்).

கணக்குகள் முடிந்தன. ஃப்ரீபிஎஸ்டி பயனர் எண்ணை 1001-இல் தொடங்குகிறது, டெபியன் 1000-இல். அந்த 1000-ஐ நிறுவும்போது உருவாகும் கணக்கே எடுத்துக்கொள்வதால், மற்றவர்களுக்குப் பழைய எண்ணையே கொடுக்க முடிந்தது. $6$ என்று தொடங்கும் கடவுச்சொல் ஹாஷ் (மறையாக்கிய வடிவம்) டெபியனில் அப்படியே செல்லும். ஆனால் கடவுச்சொல் கோப்பை முழுதாக நகலெடுக்கக் கூடாது: ஃப்ரீபிஎஸ்டியில் வரிக்கு 10 புலங்கள், டெபியனின் ஷேடோ கோப்பில் 9.

சிக்கல் குழு எண்ணில் இருக்கிறது. மெயில் குழு ஃப்ரீபிஎஸ்டியில் 6, டெபியனில் 8. டெபியனில் 6 என்பது டிஸ்க் குழு! எண்களை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலை ஓட்டினால் /வார்/மெயில் டிஸ்க் குழுவுக்குப் போய்விடும். டவ்காட் அங்கே பூட்டுக் கோப்பு (ஒரே நேரத்தில் இரு நிரல்கள் எழுதாமல் தடுப்பது) போட முடியாமல் 'அனுமதி இல்லை' என்று நின்றுவிடும். அந்த விருப்பத்தை விட்டுவிட்டு ரூட்டாக (நிர்வாகக் கணக்கில்) ஓட்டினால், ஆர்சிங்க் பெயரை வைத்தே குழுவைப் பொருத்திக்கொள்கிறது.

மெயில்டைரில் கோப்பின் மாற்ற நேரத்தைத்தான் டவ்காட் அஞ்சல் வந்த நேரமாகக் காட்டுகிறது. நேரத்தைக் காக்காமல் நகலெடுத்தால் பத்தாண்டு அஞ்சலும் இன்று வந்ததாகத் தெரியும். அஞ்சல்களின் எண்களைக் குறித்துவைக்கும் டவ்காட்-யுஐடிலிஸ்ட் கோப்பையும் விடக் கூடாது. அது இல்லாவிட்டால் ஒவ்வொருவரின் அஞ்சல் செயலியும் எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். இன்டெக்ஸ் கோப்புகள் தேவையில்லை. டவ்காட் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

முதல் சுற்று நகல், சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரண்டாம் சுற்றுக்கு முன் டிஎன்எஸ் டிடிஎல்லை (சர்வரின் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்து, பழைய போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் காத்திருக்கும் அஞ்சலை அனுப்பி முடித்து, இரு சர்வர்களிலும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அனுப்பும் சர்வர்கள் நாட்கணக்கில் திரும்பத் திரும்ப முயலும் என்பதால் ஒரு மணி நேர நிறுத்தத்தில் அஞ்சல் தொலையாது. இந்தச் சுற்றில் மூலத்தில் இல்லாததை அழிக்கும் விருப்பம் கட்டாயம் வேண்டும். மெயில்டைரில் அஞ்சலைப் படித்தாலே கோப்பின் பெயர் மாறும். அழிக்காவிட்டால் பழைய பெயரும் புதிய பெயருமாக ஒரே அஞ்சல் இரண்டாகிவிடும். அதே விருப்பம், புதிய சர்வர் அஞ்சல் வாங்கத் தொடங்கிய பிறகு ஓடினால், புதிதாக வந்தவற்றைத் துடைத்துவிடும். அதனால்தான் இரு பக்கமும் நிறுத்தம்.

எம்பாக்ஸ் பயனர்களுக்குப் பூட்டு முறையைச் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான பூட்டு முறை பிஎஸ்டியில் எஃப்லாக், லினக்ஸில் எஃப்சிஎன்டிஎல். பழைய அமைப்பை வரிக்கு வரி எடுத்து வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு முறையிலும் டவ்காட் வேறு முறையிலும் பூட்டக்கூடும். டாட்லாக் என்ற பூட்டுக் கோப்பும் இல்லையென்றால் கோப்பு சிதையும்.

சேவையைத் தொடங்கும் முன் மீதமிருப்பது, பயனரின் அஞ்சலை வேறிடம் திருப்பும் .ஃபார்வர்ட் கோப்புகள். அவற்றில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கீழுள்ள புரோக்மெயில் என்ற அஞ்சல் பிரிக்கும் நிரலுக்கு அஞ்சலைத் தள்ளும் வரிகள் இருக்கும். டெபியனில் அது /யுஎஸ்ஆர்/பின்னில் உள்ளது. வரியைத் திருத்தாவிட்டால் அஞ்சல் காத்திருக்காது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.