காலா கில்லா கேட்ட கேள்வி

ஜனவரி 4, ஞாயிறு

தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். காலா கில்லா என்றால் எனக்கு ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். கில்லா என்றால் கோட்டை என்று தெரியும். ஆனால் ஊர்ப் பெயரில் இருக்கிற புளியமரமெல்லாம் இன்னும் நிற்கிறதா என்ன? இன்று அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது, வீடுகளின் முதுகுக்குப் பின்னால் கரும்பாறை நிறத்தில் சுவர். அதில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு: பம்பாய் ஆளுநர் ஜான் ஹோர்ன் ஆணைப்படி 1737இல் கட்டியது.

அந்த ஆண்டு அப்படி என்ன அவசரம்? ரயில்வேயில் ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் கேட்டேன். "வடக்கே வசாய்க்குப் போனால் தெரியும்" என்றார். "யாரை வசை பாட?" என்று சித்தி உள்ளிருந்து கேட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

மாகிமில் ஏறி, அந்தேரியில் விரார் வண்டிக்கு மாறினோம். பயந்தர் தாண்டியதும் கழிமுகப் பாலம். "இதன் தெற்குக் கரை வரைக்கும் சால்செட் தீவு. அதை நினைவில் வைத்துக்கொள்" என்றார் சித்தப்பா.

வசாய்க் கோட்டைக்குள் ஒரு நகரமே செத்துக் கிடக்கிறது. 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இதைப் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். இருநூறு ஆண்டுகள் அவர்கள் கட்டிய தேவாலயங்களுக்கு இப்போது கூரை இல்லை. ஒன்றின் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். ஒரு பலகையில் கேடயமும் இறகும் செதுக்கிய குடும்பச் சின்னம். அதன் மேல் வெள்ளாடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எழுத்தைப் படிக்கலாம் என்று விரட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கால்மாட்டில் தெரிந்த இரண்டு எழுத்துகளைத் தடவிப் பார்த்ததோடு சரி. வெளியே, கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடிகள் வண்ணப்புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய முற்றுகையில் இவ்வளவு புகை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இருந்திருக்கும். 1739இல் மராட்டிய பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா மதிலடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து நிரப்பிக் கொத்தளத்தைத் தகர்த்தார். மே மாதம் கோட்டை பணிந்தது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு கப்பலேற அனுமதித்தார். இங்கிருந்து போன தேவாலய மணி நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் தொங்குகிறது.

சித்தப்பா மணிக்கூண்டுப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், முழங்கால். அங்கேயே விடையையும் சொன்னார். 1661இல் பம்பாய் போர்த்துகீசிய இளவரசியின் சீதனமாக இங்கிலாந்துக்குப் போனது. சால்செட்டும் வசாயும் போர்த்துகீசியரிடமே நின்றன. 1737இல் மராட்டியர் தாணாவையும் சால்செட்டையும் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயருக்கும் மராட்டியருக்கும் நடுவே இருந்தது தாராவியை ஒட்டிய மாகிம் கழிமுகம் மட்டும்தான். "ஹோர்னுக்குத் தூக்கம் வருமா?"

அப்படியானால் எங்கள் தெரு ஒரு போரின் எல்லை. இத்தனை வருடம் அங்கே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நாலாசோபாராவில் பழைய புத்த ஸ்தூபம் பார்க்கப் போனோம். ஸ்தூபம் என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. "புருட் ராஜா கோட்டை" என்றதும் தலையாட்டினார். புருட் என்றால் கூடை முடைபவர். அந்தப் பெயரால் ஒரு ராஜா! 1882இல் பகவான்லால் இந்திராஜி இந்த மேட்டைத் தோண்டியபோது, கற்பேழைக்குள் செப்புப் பேழையும் எட்டு வெண்கலப் புத்தர்களும் கிடைத்தன. இப்போது அங்கே மிஞ்சியிருப்பது செங்கல் திட்டு.

பழைய சூர்ப்பாரகத் துறைமுகம் இது. அசோகர் கல்வெட்டின் சிதறல்களும் இங்கே கிடைத்தன. அவற்றில் எட்டாவது ஆணையின் துண்டு ஒன்று: முன்பு அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் யாத்திரை போனார்கள், தான் தரும யாத்திரை போவதாகச் சொல்கிறார். நாங்கள் போனது எந்த வகை என்று தெரியவில்லை. வழியில் வடா பாவ் மூன்று முறை.

ஜனவரி 25, ஞாயிறு

கேட்வேயில் படகேறி மாண்ட்வா, அலிபாக், ரேவ்தண்டா. நல்ல வெயில். 1508இல் இந்தச் சௌல் கழிமுகத்தில்தான் எகிப்து, குஜராத் கப்பல்கள் போர்த்துகீசியரை முறியடித்தன. வைஸ்ராய் அல்மேதாவின் மகன் லோரன்சோ செத்தான். அந்தத் தண்ணீரில் இன்று இரண்டு தோணிகள். சித்தப்பா வரவில்லை, எனக்கும் மனம் ஒட்டவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

சித்தப்பாவைக் காலா கில்லாவுக்குக் கூட்டிப்போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். கல்வெட்டுக்குக் குறுக்கே கொடிக்கயிறு, அதில் ஒரு பள்ளிச் சீருடை. மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"வீட்டை அளக்க வந்திருக்கிறீர்களா?"

"இல்லை தாயி, கல்லைப் படிக்க வந்தோம்."

"படியுங்கள். கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள், நாளைக்குப் பள்ளிக்கூடம்."