எல்.எல்.ஆர். வந்ததும் பாம்பன் பாலத்துக்குக் கிளம்பாதீங்க

எல்.எல்.ஆர். (வண்டி பழகுவதற்கான தற்காலிக லைசென்ஸ்) கையில் இருந்தாலும் தனியாகக் கார் எடுப்பது சட்டப்படி தப்பு. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்திலேயே, தேவைப்பட்டால் வண்டியை நிறுத்த எட்டும்படி உட்கார்ந்திருக்கணும். பின்சீட்டில் மாமா தூங்கிக்கொண்டு வருவது கணக்கில் வராது. முன்னும் பின்னும் 18 செ.மீ. சதுர வெள்ளைப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்து கட்டாயம். 18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்து விபத்தோ வழக்கோ ஆனால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை பிள்ளைகள் பைக்கில் பறப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குது.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். பைக்கில் பலரும் கோட்டை விடுவது 'எட்டு' போடும்போது, அதாவது 8 வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது. முன்சக்கரத்தையே பார்த்தால் தடுமாறிக் காலை ஊன்றிடுவீங்க. பார்வை அடுத்த வளைவில் இருக்கட்டும். கிளட்ச் பாதி, பின் பிரேக் லேசாக. வளைவில் முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

பாம்பன் பாலத்தில் எதிரே பஸ் கடக்கும்போது பக்கக்காற்று ஒரு நொடி அடங்கி, சட்டெனத் திரும்ப அடிக்கும்; ஹேண்டில்பார் இழுக்கும். தனுஷ்கோடி ரோட்டில் காற்று வாரிப்போட்ட மணல் கிடக்கும். மணல் மேல் பிரேக் போடாமல், அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க.