அந்த எண் யாருக்கு?

“அந்த நம்பர எங்களுக்கும் காட்டுனா என்னுங்க மேடம்?” என்று டெலிவரி வேலை பார்க்கும் ஓர் அண்ணன் கேட்டதற்கு நான் சொன்னது தவறான பதில் இல்லை. மளிகை டெலிவரி ஆப்பில் வாடிக்கையாளர் பார்க்கும் திரைகளை வடிவமைக்கும் எங்கள் குழுவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதற்கு அவர் திருப்பிச் சொன்னதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

அந்த நம்பர் என்றால், மளிகை ஆர்டர் போட்ட பிறகு வாடிக்கையாளரின் பூட்டிய திரையில் பெரிதாக நிற்கும் நிமிடக் கணக்கு. ‘8 நிமிடம்’, கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் சின்னதாக ஒரு ஸ்கூட்டர். ஆப்பைத் திறக்க வேண்டியதில்லை, போனைக் கையில் எடுக்கக்கூட வேண்டியதில்லை. அடுப்பில் பால் வைத்தவர் வேறு வேலை செய்துகொண்டே அந்தப் பக்கம் ஒரு பார்வை விடுவாரே, அந்தப் பார்வைக்குத்தான் இதைச் செய்கிறோம். சமையல் மேடையில் சாய்த்து வைத்த போனை ஈரக் கையோடு எட்ட நின்று பார்க்கும்போது எது தெரிகிறதோ அதுதான் வடிவமைப்பு. மற்றதெல்லாம் எங்கள் திருப்திக்கு.

இத்தனைக்கும் எண்ணே வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். பொருளை எடுக்கிறார்கள், பையில் போட்டாகிவிட்டது, கிளம்பிவிட்டார், பக்கத்தில் வந்துவிட்டார் என்று நிலைகளை மட்டும் காட்டினால் போதும் என்றேன். நிலை என்பது நடந்து முடிந்ததைச் சொல்வது. அதில் பொய் வராது. நிமிடம் அப்படி இல்லை, அது வாக்குக் கொடுக்கிறது. ஆனால் இடம் என்று ஒன்று இருக்கிறதே. ஐபோனில் 2022 அக்டோபரில் ஐஓஎஸ் 16.1 கொண்டுவந்த லைவ் ஆக்டிவிட்டி, அதாவது ஆப்பைத் திறக்காமலே நிலவரம் காட்டும் பெட்டி, பூட்டிய திரையில் 160 பாயிண்ட் உயரத்தைத் தாண்டினால் மீதியை வெட்டிவிடும். திரையின் உச்சியில் கேமராவைச் சுற்றி இருக்கும் கறுப்புப் பட்டையான டைனமிக் ஐலண்டில் இன்னும் மோசம். கேமராவுக்கு இடப்பக்கம் ஒரு சின்னப் படம், வலப்பக்கம் இரண்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான். ‘பையில் போட்டாகிவிட்டது’ அங்கே எங்கே நிற்கும்? ‘8’ நிற்கும்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று அலுவலகத்தில் சிலரையும் வெளியில் சிலரையும் பிடித்து, திரையை ஒரு நொடி காட்டிவிட்டு மூடிக்கொண்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். எண்ணும் நிலையும் சேர்ந்து இருந்த திரையில் எல்லோர் கண்ணும் எண்ணில்தான் போனது. நிலை என்ன என்று கேட்டால் ‘ஏதோ வண்டி இருந்துச்சு’ என்றார்கள். ‘8 முதல் 11 நிமிடம்’ என்று வரம்பாகக் காட்டினால் ‘எட்டு’ என்றார்கள். பதினொன்று யார் கண்ணிலும் படவில்லை. அதோடு என் வாதம் முடிந்தது. பெரிய எண் ஒன்று, கீழே சிறிய எழுத்தில் நிலை என்று முடிவானது. கடைசி இரண்டு நிமிடத்தில் எண்ணை எடுத்துவிட்டு ‘பக்கத்தில் வந்துவிட்டார்’ என்று மாற்றலாம் என்ற என் யோசனையை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த எண் எப்படி இறங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. லைவ் ஆக்டிவிட்டியால் தானாக இணையத்துக்குப் போய்த் தகவல் எடுத்து வர முடியாது. எங்கள் சர்வர்தான் 4 கேபிக்குள் அடங்கும் சின்னச் செய்தியாக அனுப்ப வேண்டும். அவசரம் என்று முத்திரை குத்தி அடிக்கடி அனுப்பினால் ஒரு கட்டத்துக்கு மேல் போனே பிரேக் போடும். தானாக இறங்கும் கடிகாரத்தை வைத்தால் சர்வர் தொந்தரவு இல்லை, ஆனால் நொடியும் சேர்ந்து ஓடும். வீட்டில் காத்திருப்பவருக்கு நொடி ஓடுவதைக் காட்டுவது கொடுமை என்று அதை விட்டோம். அதனால் நிமிடத்தை நாங்களே அனுப்புகிறோம். ஆண்ட்ராய்டில் 2025இல் வந்த 16ஆம் பதிப்பில்தான் இதற்கென்றே கோடு போட்ட அறிவிப்பு கிடைத்தது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு. அதில் சாதாரண அறிவிப்பையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகிறோம். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் அதையும் தாமதப்படுத்தும். மொத்தத்தில் திரையில் தெரியும் ‘4’, அந்த நொடியின் ‘4’ ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பையைக் கொண்டுபோகும் ரைடர் நீலிக்கோனாம்பாளையம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருப்பார். அவர் வண்டி நகரவில்லை என்று எங்களுக்குத் தெரிந்து, கணக்கை மாற்றி, வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பி, அது போய்ச் சேர்வதற்குள் பழைய ‘4’ அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் ஸ்டோருக்கு வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்த அந்த அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: “கதவத் தொறக்கறப்பவே போனக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. ‘நாலு நிமிசம்னு போட்டிருந்துச்சு, பத்து நிமிசமாச்சே’ங்கறாங்க. எங்க போட்டிருந்துச்சு, யாரு போட்டதுன்னு எனக்கொன்னுந் தெரியறதில்லீங்க. முழிச்சுக்கிட்டு நிக்கறனுங்க.” அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் சொன்னேன்: “காட்டினா அதப் பாத்துட்டு நீங்க வேகமா ஓட்டுவீங்கண்ணா. உங்களுக்கு அந்த டென்ஷன் வேண்டாம்னுதான் வெக்கல.”

அவர் சிரித்தார். “தெரியலீன்னா மட்டும் மெதுவாவுங்க போறோம்? எவ்வளவு வேகம் போதும்னு தெரியாமத்தான் எல்லா ஆர்டருக்கும் ஒரே முறுக்கா முறுக்கறமுங்க.” அதற்குள் அவர் போன் அடித்தது. பையை எடுக்க உள்ளே போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. போகும்போது “வரனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு அவினாசி ரோட்டில் திரும்பி வரும்போதே பதில்கள் வரிசையாக வந்துவிட்டன. அவர் பார்க்கிற எண், பார்த்துக்கொண்டே ஓட்டுகிற எண்ணாகிவிடும். கைப்பிடியில் மாட்டிய போனில் எண் குறைந்துகொண்டே வந்தால் எந்த மனிதரும் சிக்னலில் ஒழுங்காக நிற்க மாட்டார். அதைவிட முக்கியம், எங்கள் மாதிரி இடங்களில் ரைடர் திரையில் ஒரு எண் ஏறிவிட்டால் அது அங்கேயே நிற்காது. அடுத்த மாதம் அது மேலாளர் பார்க்கும் அட்டவணையில் ஒரு பத்தியாகும், அதற்கடுத்து ஊக்கத்தொகையோடு சேரும். அந்தப் பாதையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த எண்ணை அவரிடமிருந்து தள்ளி வைத்தது அவருக்கான காவல்தான். இதை இன்றைக்கும் நம்புகிறேன்.

நம்புகிறேன் என்று எழுதும்போதே உறுத்துகிறது. காவல் என்றால் காவலுக்குள் இருப்பவரிடம் யாராவது கேட்டோமா? எண்ணுக்கான சோதனையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அலுவலக நண்பர்கள் இருந்தார்கள், என் அத்தைகூட இருந்தார். ரைடர் ஒருவர் இல்லை. ரைடர் ஆப் வேறு குழுவின் பொறுப்பு என்பதுதான் காரணம், வேறு உள்நோக்கம் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லும் ஆள் அவர்தான். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் கணக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பார்த்தால், பொருள் எடுக்க ஆன நேரம் அவருடையது இல்லை, ஸ்டோரில் பைக்காகக் காத்திருந்த நேரம் அவருடையது இல்லை, ரயில் அவருடையது இல்லை. அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டில் பெயர், வீட்டு எண், வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு ஆகும் நேரமும் அவருடையது இல்லை. எங்கள் கணக்கோ கேட்டோடு முடிந்துவிடும். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி அதில் வராது.

அவர் கேட்டது டென்ஷன் வேண்டும் என்று இல்லை. எனக்கு அப்போது அப்படித்தான் கேட்டது. ‘எவ்வளவு வேகம் போதும்’ என்ற சொற்களை நான் பிறகுதான் முழுதாகக் கேட்டேன். திரையில் இன்னும் 9 நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தால், 5 நிமிடத்தில் போகக்கூடிய தூரத்துக்கு மனிதர் நிதானமாகப் போகலாம். எண் மிரட்டத்தான் செய்யும் என்று நான் எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டியிருந்தேன். அது அவகாசமும் காட்டலாம். ஆனால் 9 வருகிற ஆர்டர் எத்தனை, 3 வருகிற ஆர்டர் எத்தனை? 3 வரும்போது என்ன ஆகும்? இந்த இடத்தில் என் பழைய பதில் திரும்ப எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் தலையிட்ட பிறகு, இந்தத் தொழிலில் ‘10 நிமிடம்’ என்ற விளம்பர வாசகம் பின்வாங்கியது. அதற்குச் சற்று முன்பு, டிசம்பர் கடைசியில், டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்திலும் பேனரில் என்ன எழுதலாம், ஆப்பின் முகப்பில் என்ன எழுதலாம் என்று நீண்ட கூட்டம் நடந்தது. பூட்டிய திரையில் இறங்கிக்கொண்டே வரும் எண்ணைப் பற்றி அதில் ஒருவரும் பேசவில்லை. அது விளம்பரம் இல்லையாம், தகவலாம். நானும் பேசவில்லை. பேசியிருந்தால் எதைக் கேட்டிருப்பேன்? எண்ணை எடுத்துவிடுங்கள் என்றா, ரைடருக்கும் காட்டுங்கள் என்றா? இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிற கோரிக்கைகள். அந்த அண்ணன் கேட்டது இரண்டாவது. நான் முதலில் விரும்பியது முதலாவது. இரண்டும் இல்லாத நடுவில் திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரைடர் திரையில் எண் வேண்டாம். வாடிக்கையாளருக்கு நாங்கள் தாமதச் செய்தி அனுப்பினால், அந்த நொடியே ரைடருக்கும் ஒரு வரி போகட்டும்: ‘தாமதமாகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டது.’ வண்டி நின்றபிறகு மட்டும் தெரிகிற மாதிரி, சத்தம் இல்லாமல். கதவு திறக்கும்போது அவர் முழிக்க வேண்டியதில்லை. மேலாளர் அட்டவணையில் ஏற்றுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. ரைடர் ஆப் குழுவில் இருக்கும் தோழிக்குப் பிடித்துவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றாள்.

அப்புறம் அவளே போன் செய்து ஒரு கேள்வி கேட்டாள். அந்த வரி வந்தால் சரி, நிம்மதி. வராத ஆர்டரில் ரைடர் என்ன நினைப்பார்? ‘இன்னும் சொல்லவில்லை, அப்படியென்றால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றுதானே? அப்போது பெரும்பாலான ஆர்டர்களில் நீ எண்ணைக் காட்டாமலே எண்ணைக் காட்டுகிறாயே என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வரியை இன்னும் திரும்பப் பெறவில்லை.