ஆண்கள் வார்டில் தர ஆய்வு

நான் ஸ்டாஃப் நர்ஸ். என்.கியூ.ஏ.எஸ். என்கிற, அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தரச்சான்றுக்கு வெளியூர்க் குழு வருவதற்கு முன்பு, வேறு ஆஸ்பத்திரி ஆட்களை விட்டு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். அப்படி ராமநாதபுரம் கடற்கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டு என் பங்குக்கு வந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம்.

செக்லிஸ்ட்டில் 8 பகுதிகள். ஒவ்வொரு வரிக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். கண்ணால் பார்க்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், ஊழியரைக் கேட்கலாம், நோயாளியைக் கேட்கலாம். பெரும்பாலோர் ஃபைலில்தான் ஆரம்பிப்பார்கள். டீயோடு மேசைக்கே வந்துவிடும். ஃபைலைக் கடைசியில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டில்களுக்குப் போனேன்.

குப்பை வாளி நிறம், கை கழுவும் முறையெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். கட்டில் கால்களிலும் டிரிப் ஸ்டாண்டிலும் துரு. உப்புக்காத்து அடிக்கிற ஊரில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? ஆனாலும் 1தான் போட முடிந்தது.

பக்கவாதத்தில் விழுந்த பெரியவர் ஒருவர். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நோயாளி. சார்ட்டில் இரவு 10, 12, 2, 4, 6 எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டேன்.

"ராத்திரி யாரும்மா திருப்பி விடுறது?"

"நாந்தேன் சிஸ்டர். அப்பா பாரமா இருப்பாக. பக்கத்துக் கட்டில் அண்ணன ஒரு கை பிடிக்கச் சொல்லுவேன். அவுக தூங்கிட்டா விட்டுருவேன்."

பெரியவரை ஒருக்களித்துப் பார்த்தேன். வால் எலும்பு மேல் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். தோல் இன்னும் கிழியவில்லை என்பதுதான் ஆறுதல்.

அந்த வரிக்கு 0 போட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் விடவில்லை. "சார்ட் இருக்குல்ல, ஒண்ணாச்சும் போடுங்க" என்றார். அவர் கோபமும் நியாயம்தான். இரவு டூட்டிக்கு அந்த வார்டில் ஒரே ஆள். மூச்சுத்திணறல் கேஸ் ஒன்று வந்துவிட்டால் சார்ட் விடியற்காலைதான் நிரம்பும்.

இதற்கிடையில் திருக்கை முள் குத்திய மீனவர் ஒருவரை நேராக வார்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள். வலியில் கட்டில் கம்பியைப் பிடித்து முறுக்குகிறார். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், பேசினில் வெந்நீர் கொண்டுவந்தது. குத்துப்பட்ட காலை உடனே விடவில்லை. "இந்தக் கால முதல்ல வைங்கண்ணே, சூடு பொறுக்குதா சொல்லுங்க" என்று நல்ல காலை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மற்றதை இறக்கியது. திருக்கை முள்ளின் விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். ஆனால் வலியில் துடிக்கிற காலுக்குச் சூட்டின் அளவு தெரியாது, வெந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கம்பியிலிருந்து கை தளர்ந்தது. இதற்கென்று செக்லிஸ்ட்டில் தனி வரி கிடையாது. குறிப்புப் பகுதியில் விவரமாக எழுதினேன்.

சாயங்காலம் குறைகளை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளும் தேதியும் குறித்தோம். ஏர் பெட் ஒன்று ஸ்டோரில் பிரிக்காமலே கிடந்தது. பெரியவருக்கு அன்றைக்கே போட்டார்கள். மகளுக்கும் புரட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார்: "இந்த ஷீட்டு ஜே.டி. ஆபீசுக்குப் போகுமா?" ஜே.டி. என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்.

"போகும்."

"அப்ப அந்த 0 இருக்கட்டும். ராத்திரிக்கு ஆள் பத்தலைங்கிறத மட்டும் கொட்டை எழுத்துல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.